உங்க டிபார்ட்மென்ட்டுக்கு சொந்த வெப் சர்வர்: எப்படி வைப்பது, எங்கே சறுக்கும்?

யாஹூ எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு கல்லூரிக் கணினியில்! 1994-ல் ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியல் ஆய்வு மாணவர்களாக இருந்த ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும், பிடித்த இணையதளங்களைப் பட்டியல் போட்டு பல்கலைக்கழகக் கணினியிலேயே ஏற்றினார்கள். அந்தப் பட்டியல்தான் யாஹூ ஆனது.

நம்ம ஊரிலும் இந்த வழக்கம் உண்டு. ஐஐடி மெட்ராஸ் கணினி அறிவியல் துறை, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆகியவற்றின் பேராசிரியர் பக்கங்களைப் பார்த்தால், முகவரியில் பெயருக்கு முன்னால் '~' என்ற குறி இருக்கும்.

அது என்ன குறி?

அதன் பெயர் டில்டே. யுனிக்ஸ் கணினிகளில் 'இவருடைய ஹோம் ஃபோல்டர்' என்று அர்த்தம். அதற்குள் பொதுப் பார்வைக்கென ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் போடுவதை மட்டும் சர்வர் உலகத்துக்குக் காட்டும்.

நம்ம காலேஜில் முடியுமா?

தாராளமாக. குத்தம்பாக்கம், பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. லேபில் சும்மா கிடக்கும் ஒரு டெஸ்க்டாப்பே போதும். லினக்ஸ், அப்பாச்சி இரண்டும் இலவசம். அப்பாச்சியில் 'யூசர்டிர்' மாட்யூலை ஆன் செய்து, மாணவர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு கொடுத்தால் வேலை கிட்டத்தட்ட முடிந்தது.

பக்கத்தைத் திறந்தால் 403 பிழை வருதா? பெரும்பாலும் பர்மிஷன் சிக்கல்தான். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர் மற்றவர்களுக்கு மூடியே இருக்கும். அதை 711 ஆக்குங்கள்: சர்வர் உள்ளே நுழையலாம், ஆனால் என்னென்ன இருக்கு என்று பட்டியல் எடுக்க முடியாது. பொது ஃபோல்டருக்கு 755, ஃபைல்களுக்கு 644.

எங்கே சறுக்கும்?

மாணவர் பக்கங்களையும் மதிப்பெண் போர்ட்டலையும் ஒரே முகவரியில் வைக்கவே கூடாது. பிரவுசருக்கு இரண்டும் ஒரே தளம்தான். யாரோ ஒரு மாணவர் தன் பக்கத்தில் எழுதும் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட், லாகின் செய்திருக்கும் இன்னொருவர் பெயரில் போர்ட்டலுக்குள் புகுந்துவிடலாம். அதனால் மாணவர் பக்கங்களுக்குத் தனி சப்டொமைன் அவசியம். பிஎச்பி வேண்டாம், வெறும் ஹெச்டிஎம்எல் போதும். ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வரம்பும் வையுங்கள்.

படிப்பு முடிந்த பிறகு?

பலரும் யோசிக்காத கேள்வி இதுதான். கணக்கை நீக்கினால் ரெஸ்யூமேயில் கொடுத்த லிங்க்கும் சேர்ந்து செத்துவிடும். யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் அப்படித்தான் போயின. எத்தனை மாதம் வைத்திருப்போம், புது முகவரிக்குத் திருப்பிவிடுவோமா என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

கிட்ஹப் பேஜஸில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது இது எதற்கு? அங்கே பக்கம் போடக் கற்கலாம். சர்வரை நடத்தக் கற்க முடியாது. ஒன்று மட்டும் முக்கியம்: ரூட் பாஸ்வேர்டு ஃபைனல் இயர் மாணவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் மே மாதம் கிளம்பிவிடுவார், சர்வர் ஜூனிலும் ஓடணும்.