போலீஸ் அடித்தால் இழப்பீடு கிடைக்குமா?

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் போலீஸ் உட்கோட்டத்தில், விசாரணைக்கு அழைத்துப் போகப்பட்டவர்களின் பற்களைப் போலீசார் பிடுங்கினார்கள் என்ற புகார் தமிழ்நாட்டையே உலுக்கியது. யாராவது மனு கொடுக்கட்டும் என்று காத்திராமல், மாநில மனித உரிமை ஆணையம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் சிபிசிஐடியும் வந்தது. ஆனால் சார் ஆட்சியர் விசாரணை தொடங்கிய நாட்களில் ஆஜரான ஒருவர், கீழே விழுந்ததில்தான் பல் உடைந்தது என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. நாளைக்கும் அதே ஸ்டேஷன் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போகவேண்டும். மனிதர் பயந்து வாய் மூடிக்கொள்ளலாம். அடிபட்ட அன்றே ஆஸ்பத்திரியில் பதிவான காகிதம் மாறாது. இழப்பீட்டு வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான்.

அதனால் முதல் வேலை ஆஸ்பத்திரிக்குப் போவது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியோ, அம்பை அரசு ஆஸ்பத்திரியோ, டாக்டர் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்டு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார். பக்கத்தில் போலீஸ்காரர் நின்றாலும் நடந்ததைச் சொல்லுங்கள்: யார் அடித்தார், எதனால் அடித்தார், எங்கெங்கே வலிக்கிறது. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்ற ஒரு வரி அதில் ஏறிவிட்டால், பிற்பாடு எத்தனை சாட்சி வந்தாலும் அதை அழிப்பது கஷ்டம். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடமும் காயத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

அடுத்த வேலை மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு போடுவது. 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1997-இல் தமிழ்நாட்டில் இந்த ஆணையம் அமைந்தது. போலீஸ் மட்டுமல்ல, சிறை, தாலுகா ஆபீஸ், அரசு ஆஸ்பத்திரி என்று எந்த அரசு ஊழியர் உரிமையை மீறினாலும், மீறலைத் தடுக்காமல் விட்டாலும் புகார் கொடுக்கலாம். அரசு ஆஸ்பத்திரி விஷயத்தில் பலரும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படித் திரும்புகிறவர்களுக்கு ஆணையத்தின் கதவு முக்கியமானது.

கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. தமிழிலேயே எழுதலாம், பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் எழுதலாம். பெயரில்லாத மனு, சொத்துத் தகராறு, கோர்ட்டில் ஏற்கெனவே நடக்கும் வழக்கு ஆகியவை பெரும்பாலும் வாசலிலேயே திரும்பிவிடும். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் ஆணையம் விசாரிக்கவே முடியாது. 'டிபார்ட்மென்ட் விசாரணை நடக்குதுய்யா, கொஞ்சம் பொறுங்க' என்ற பேச்சை நம்பி அந்த வருடத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். அந்த விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும். ஆணையத்துக்கு உங்கள் மனு போய்விட வேண்டும்.

மனு ஏற்கப்பட்டால், துறையின் மேலதிகாரியிடம் அறிக்கை கேட்பார்கள். 'புகார் பொய்' என்று அறிக்கை வந்தால் மனம் தளர வேண்டாம். அதற்குப் பதில் எழுதலாம். பிறகு சாட்சி விசாரணை. சாட்சியை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் ஆணையத்துக்கு சிவில் கோர்ட்டின் அதிகாரம் உண்டு. குற்றம்சாட்டப்பட்ட அலுவலருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். சென்னைக்கு அலைய முடியாதவர்களுக்கு நெல்லையில் முகாம் அமர்வும் நடப்பதுண்டு.

இழப்பீட்டுத் தொகைக்கு விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. காயம் எவ்வளவு, எத்தனை நாள் அடைத்து வைத்தார்கள், குடும்பத்தின் வருமானம் எப்படிப் போனது என்பதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். விசாரணை முடியும் முன்பே இடைக்கால நிவாரணமும் பரிந்துரைக்கலாம். ஒடிசாவில் காவலில் இறந்த இளைஞரின் தாய்க்கு 1993-இல் உச்ச நீதிமன்றம் 1,50,000 ரூபாய் தரச் சொன்ன தீர்ப்பு இதற்கெல்லாம் முக்கியமான வேர்களில் ஒன்று. அடிப்படை உரிமை பறிபோன வழக்கில், 'நாங்கள் அரசு, எங்களைக் கேட்க முடியாது' என்ற வாதம் எடுபடாது என்று அதில் தெளிவாக்கினார்கள்.

ஆணையம் தருவது 'பரிந்துரை' என்பதால் அரசு விரும்பினால்தான் தரும் என்று இன்னமும் சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. பிடிக்காவிட்டால் அரசு கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். கிடப்பில் போட முடியாது. முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, தவறு செய்த அலுவலரிடம் அரசு வசூலித்துக்கொள்ளலாம். இந்தத் தீர்ப்பு வராவிட்டால் ஆணையத்தின் உத்தரவுகள் வெறும் கடிதங்களாகவே இருந்திருக்கும்.

ஆணையம் கேட்டால், ஒரு மாதத்திலோ அது தரும் கூடுதல் அவகாசத்திலோ, எடுத்த நடவடிக்கையை அரசு சொல்ல வேண்டும். பணம் வரவில்லை என்றால், அரசாணை போட்டார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். இலவச எண் 15100.

அரசு என்றாலே ஆணையம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அரசு பஸ் மோதிய வழக்கு இந்த ஆணையத்துக்கு உரியதல்ல. அது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும், ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. புகார் போன பிறகு ஸ்டேஷனில் கூப்பிட்டு, 'சமாதானமாப் போயிருவோம்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். படித்துப் பார்க்காமல், வக்கீலிடம் காட்டாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாள் என்றால் தொடவே வேண்டாம்.