நிழலைத் தரும் மருந்து

சென்ற வருடம் என் உம்மும்மாவுக்கு வயிற்றில் சீ.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். இடையில் கை நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்களாம். வீட்டுக்கு வந்தும் அவர் யாருடனும் சரியாகப் பேசவில்லை. இரவில்தான் உம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மருந்து ஏறினதும் உடம்பெல்லாம் சூடாகி, ஒண்டுக்குப் போயிட்ட மாதிரி இருந்திச்சி புள்ள. வெட்கத்தில ஒத்தர்ட்டயும் கேக்கல்ல."

உடுப்பு நனையவே இல்லை. அப்படியானால் அது என்ன மருந்து? தேடிப் பார்த்தபோது பாதி விடை என் இரசாயனவியல் கொப்பியிலேயே இருந்தது.

ஒரு மூலகம் எக்ஸ்-கதிரை எவ்வளவு உறிஞ்சும் என்பது பெரிதும் அதன் அணுவெண்ணில் தங்கியுள்ளது. அணுவெண் இரு மடங்கானால், ஒளிமின் விளைவால் நிகழும் உறிஞ்சல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். என்பிலுள்ள கல்சியத்தின் அணுவெண் 20. குடலும் குருதிக்குழாயும் பெரும்பாலும் ஐதரசன், காபன், நைதரசன், ஒட்சிசன் என்பவற்றால் ஆனவை. இவற்றுள் மிகப் பெரிய அணுவெண்ணே 8 தான். ஆகவே என்பு வெள்ளையாகத் தெரியும். மற்றவை ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். 1895 இல் றொன்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படம்பிடித்தபோதும் விரலென்புகளும் மோதிரமுமே தெளிவாகத் தெரிந்தன. அடுத்த மாதமே வியன்னாவில் இருவர், வெட்டியெடுக்கப்பட்ட ஒரு கையின் குருதிக்குழாய்களுள் இரசச் சேர்வை கலந்த கலவையைச் செலுத்திப் படமெடுத்தனர். குழாய்கள் மரக்கிளைகள்போலத் தெரிந்தன. ஆனால் உயிரோடிருப்பவருக்கு இரசம் ஏற்ற முடியுமா?

உணவுக்குழாய், இரைப்பை, குடல் என்பவற்றைப் பார்க்கப் பேரியம் சல்பேற்றைக் குடிக்கக் கொடுப்பார்கள். பேரியத்தின் அணுவெண் 56. பேரியம் அயன் கொடிய நஞ்சு என்பது எமக்குத் தெரியும். இருந்தும் இது நஞ்சாவதில்லை. ஏனெனில் ஒரு லீற்றர் நீரில் இது இரண்டு மூன்று மில்லிகிராம்தான் கரையும். இரைப்பையின் அமிலமும் இதைக் கரைப்பதில்லை. தவறிப் பேரியம் காபனேற்றைக் கொடுத்தால் அமிலத்தில் கரைந்து ஆளையே கொன்றுவிடும். பரீட்சைக்காக நாம் அலுப்போடு செய்யும் கரைதிறன் பெருக்கக் கணக்குக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

குருதிக்குள் செலுத்துவது வேறு கதை. அது கரைந்தே ஆகவேண்டும். அதற்கு அயடீன், அணுவெண் 53. ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயடீன் அணுக்களைப் பிணைத்த, நீரில் கரையும் சேர்வைகளையே பயன்படுத்துகிறார்கள். 'டை' என்று சொன்னாலும் இது எதற்கும் நிறமூட்டுவதில்லை. கதிரை மறித்து நிழலைத் தருகிறது, அவ்வளவுதான். ஏறும்போது குருதிக்குழாய்கள் விரிவதால் உடல் சூடாகும், அடிவயிற்றில் சிறுநீர் கழிந்ததுபோன்ற உணர்வு வரும், சிலருக்கு வாயில் உலோகச் சுவையும் தெரியும். ஓரிரு நிமிடங்களில் எல்லாம் போய்விடும். உம்மும்மா வெட்கப்பட்டது இதற்குத்தான்!

இம்மருந்தைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. அதனால்தான் முன்கூட்டியே கிரியேற்றினின் பரிசோதனை செய்கிறார்கள். நீரிழிவுக்கு மெற்போமின் குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். சிறுநீரகம் பலவீனமாயின் வைத்தியர் சில நாட்களுக்கு அதை நிறுத்தச் சொல்லலாம். முன்பு இம்மருந்து ஏற்றியபோது உடல் தடித்தது, மூச்சு முட்டியது என்றால் அதையும் மறைக்கக்கூடாது. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அயடீனும் ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் பக்கம் பலர் நம்புகிறார்கள். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதமே, அயடீன் அல்ல. ஆனாலும் எந்த ஒவ்வாமையையும் சொல்லிவைப்பது நல்லது.

அடுத்த மாதம் உம்மும்மாவுக்கு மீண்டும் ஸ்கேன். மருந்துத் துண்டையும் பழைய அறிக்கையையும் உம்மா ஒரு பையில் போட்டு வைத்துவிட்டார். சூடு வரும், பயப்பட வேண்டாம் என்று நான் விளக்கியதும் உம்மும்மா சிரித்தார்: "இத முந்தியே சொல்லியிருந்தா அண்டைக்கு நிம்மதியாச் சோறு திண்டிருப்பேனே!"