பாறைக்குள் ஓர் ஆணிவேர்

கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட் ஒரு சொட்டு மொசைக் தரையில் சிந்தினால் 'சுர்'ரென்று நுரைக்கும். துடைத்துப் பார்த்தால் பளபளப்பு போய், விரலில் சொரசொரக்கும் சின்னப் பள்ளம். நமக்கு அது எரிச்சல். எண்ணெய்க் கிணற்று இன்ஜினியருக்கு அதுதான் வைத்தியம்.

மும்பை ஹை போன்ற வயல்களில் எண்ணெய் தங்கியிருப்பது சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில். அது நாலா பக்கமிருந்தும் ஒரு சாண் அகலக் கிணற்றை நோக்கி வருகிறது. நெருங்க நெருங்க, கோயில் வாசலில் திருவிழாக் கூட்டம்போல நெரிபடுகிறது. 300 மீட்டர் தொலைவிலிருந்து வரும் எண்ணெய், தன் அழுத்த இழப்பில் கால் பங்குக்கு மேல் கடைசி ஒரு மீட்டரில்தான் இழக்கிறது. துளையிட்டபோது இறங்கிய சேறு அந்த ஒரு மீட்டரை அடைத்துவிட்டால் போதும், நல்ல கிணறும் வற்றியதுபோல நடிக்கும்.

ஆசிட் ஊற்றும் யோசனைக்கு அமெரிக்காவின் ஹெர்மன் ஃப்ராஷ் 1896-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ஆசிட்டுக்குப் பாறையும் ஒன்றுதான், இரும்புக் குழாயும் ஒன்றுதான். அதனால் யோசனை தூங்கியது. 1932-ல் மிச்சிகனில், இரும்பைக் காக்க ஆர்சனிக் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 1,900 லிட்டரைச் செத்த கிணறு ஒன்றில் இறக்கினார்கள். நாளுக்கு 16 பீப்பாய் வந்தது. (ஆர்சனிக்! இன்று வேறு காப்பான்கள் உண்டு.)

கணக்கு போட்டால்தான் ஆச்சரியம். 15 சதவீத அமிலம் ஆயிரம் லிட்டர் கரைப்பது 220 கிலோ சுண்ணாம்புக்கல். கன அளவில் நாலைந்து குடம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பல மீட்டர் தூரம் எப்படி வழிவிடுவது?

சூட்சுமம் வேகத்தில். மெதுவாகச் செலுத்தினால் ஆசிட் கிணற்றுச் சுவரையே தின்று தீர்ந்துபோகும். மிக வேகமாகச் செலுத்தினால் எல்லாத் துளைகளிலும் புகுந்து சிதறும். நடுவே ஒரு வேகத்தில், தற்செயலாகச் சற்றே பெரிதாக இருந்த துளை கூடுதல் ஆசிட்டை வாங்குகிறது, வாங்குவதால் பெரிதாகிறது, பெரிதாவதால் இன்னும் வாங்குகிறது. பக்கத்துத் துளைகள் பட்டினி. இப்படி நீளும் வழியைப் 'புழுத்துளை' என்பார்கள்.

ஆய்வகத்தில் அந்தத் துளைக்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மிச்சப் பாறையை ஆசிட்டிலேயே கரைத்துப் பார்த்தவர்கள் உண்டு. வேகம் அதிகமென்றால் கையில் கிடைப்பது சல்லிவேர்க் கொத்து. சரியாக இருந்தால், பக்கக் கிளைகள் சிலவற்றோடு நீண்டு வளைந்த ஓர் ஆணிவேர்.