எல்லை கடக்கும் மின்சாரம்

வெள்ளக்கடையில் மிளகு மிகுதியாக விளைந்தாலும், மலைப்பாதை இன்றேல் சேலம் சந்தையில் அதற்கு விலை ஏது? மின்சாரமும் அவ்வாறே. 2012-ல் தமிழ்நாட்டுத் தறிகள் நாள்தோறும் பல மணி நேரம் நின்றமைக்கு, வடக்கிலிருந்து மின்சாரம் கொணரப் போதிய கம்பித் தொடர் இன்மையும் ஒரு காரணம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் தொடர் தென்னாட்டை அகில இந்தியத் தொகுப்புடன் இணைத்தது.

அயல்நாட்டு வாணிபமும் இம்முறையினதே. பூட்டான் மழைக்காலத்தில் ஆற்று மின்சாரத்தை நமக்கு விற்கிறது. குளிர்காலத்தில் ஆறு மெலியவே நம்மிடம் வாங்குகிறது. இலங்கையுடன் மின்தொடர் அமைக்க 2025 ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நன்றே. ஆயினும் அங்கத்தினர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும்: ஆடிக் காற்று நமது கயத்தாற்றிலும் அவர்களது மன்னாரிலும் ஒருங்கே வீசுவது. மிச்சமும் ஒரே மாதத்தில் வருமாயின் வாங்குவார் யார்? விலைக்கு முன்னர், எந்த மாதத்து மின்சாரம் என்பதையே பேசல் வேண்டும்.