கடல் தாண்டி வராத வண்ணங்கள்: அந்தமான் வகுப்பறையில் ஜாமினி ராயை அறிமுகப்படுத்துவது எப்படி?

ஸ்ரீ விஜயபுரம்: சென்னையிலிருந்து கடல் வழியாகச் சுமார் 1,190 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள அந்தமான் தலைநகரைப் பயணிகள் கப்பல் சென்றடைய ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். தீவுக் கடைகளில் விற்கப்படும் வண்ணப் பெட்டியும் வரைதாளும் அதே கடலைத் தாண்டித்தான் வருகின்றன. நாட்டின் பெரும் ஓவியர்களின் மூல ஓவியங்கள் டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நகரங்களின் கூடங்களில் இருக்கின்றன. ஒரு தீவுக் குழந்தை பள்ளிப் பருவத்தில் அவற்றை நேரில் காண்பது அரிது.

ஆகவே புகழ்பெற்ற ஓவியர் ஒருவரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, அச்சிட்ட படம் ஒன்றைக் காட்டி ‘இதைப் பார்த்து வரையுங்கள்’ என்று சொல்வதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. ஆனால், ஜாமினி ராயைக் கற்பிக்க இது பொருத்தமான வழியன்று. அவரது ஓவியத்தை நகலெடுப்பதைவிட, அவர் எடுத்த ஒரு முடிவைக் குழந்தைகள் தாமே எடுத்துப் பார்ப்பதே அவரை அறியும் வழி.

யார் இந்த ஜாமினி ராய்?: மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் உள்ள பேலியாதோர் கிராமத்தில் 1887 ஏப்ரல் 11 அன்று பிறந்தவர். பதினாறு வயதில் கல்கத்தா அரசு கலைப் பள்ளியில் சேர்ந்து, ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றார். உருவப்படம் வரைந்து வருவாய் ஈட்டும் அளவுக்கு அதில் தேர்ச்சியும் பெற்றார். ஆயினும் 1920-களில் அந்தப் பாதையிலிருந்து விலகி, தம் மாவட்டத்துப் பட ஓவியர்களிடமும் கல்கத்தாவின் காளிகாட் கோயிலருகே விற்கப்பட்ட மலிவு விலைப் படங்களிடமும் பாடம் கேட்கத் தொடங்கினார்.

இந்த மாற்றம் பாணியோடு நின்றுவிடவில்லை. இறக்குமதியான வண்ணங்களை ஒதுக்கிவிட்டு, மண், கல்பொடி, சுண்ணக்கட்டி, அவுரி, விளக்குக் கரி ஆகியவற்றிலிருந்து வண்ணம் செய்தார். புளியங்கொட்டைப் பசையால் அவற்றைப் பிணைத்தார். துணி, பாய், பலகை என்று கைக்கு எட்டியவற்றின் மீதெல்லாம் வரைந்தார். ஏழு வண்ணங்களே போதும் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். தடித்த கோடும் பாதாம் பருப்பைப் போன்ற நீண்ட கண்ணும் அவரது அடையாளமாயின. 1954-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1972-இல் காலமானார். அவரது படைப்புகள் இன்று தேசியக் கலைச் செல்வங்கள். அவற்றை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய இயலாது.

எல்லாப் பொருளும் வெளியிலிருந்து வரும் ஓரிடத்தில் இந்த வரலாறு தனிப் பொருள் பெறுகிறது. ஓவியம் என்பதும் கப்பலில் வந்திறங்கும் பொருளே என்ற எண்ணம் குழந்தைக்கு எளிதில் பதிந்துவிடும். (நம் பள்ளிகளில் காலங்காலமாக வரையப்படும் ‘இயற்கைக் காட்சி’ நினைவிருக்கலாம்: இரண்டு முக்கோண மலைகள், நடுவே சூரியன், ஒரு குடிசை, ஓர் ஆறு. கடலோரத்தில் வாழும் பிள்ளையும் அதையே வரைகிறது.)

முதலில் கண், பிறகு கை: வரைவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரே படத்தைப் பார்க்கச் செய்ய வேண்டும். எத்தனை வண்ணங்கள் உள்ளன? கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது? பின்னணியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? இறாலைக் கவ்விய பூனையின் படம் இதற்கு ஏற்றது. காளிகாட் படங்களில் புகழ்பெற்ற இக்கருப்பொருளை ஜாமினி ராயும் எடுத்தாண்டார். மீன் அங்காடியை அறிந்த பிள்ளைகளுக்கு அந்தப் பூனையைத் தனியே அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

அடுத்தது கோட்டுப் பயிற்சி. பழைய செய்தித்தாள் மீது, பென்சிலும் அழிப்பானும் இன்றி, நுனி நசுக்கிய தென்னை ஈர்க்குக் கட்டால் ஒரே வீச்சில் கோடிழுக்கச் சொல்லலாம். கோலமிட்டுப் பழகிய தமிழ்ப் பிள்ளையும், வீட்டில் அரிசிமாவுக் கரைசலால் ஆல்பனா வரையக் கண்ட வங்கப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமரும் ஊர் இது. இருவரும் தங்கள் கோட்டை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதே அன்றைய பாடத்தின் சிறந்த பகுதியாக அமையக்கூடும்.

வண்ணம் செய்தல்: இதற்கு முழுதாக ஒரு வகுப்பு வேண்டும். செம்மண்ணை நீரில் கரைத்து, மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் துணியில் வடிகட்டித் தெளியவைத்தால் நயமான வண்டல் கிடைக்கும். கரித்தூள் கறுப்புக்கு, சுண்ணக்கட்டித் தூள் வெள்ளைக்கு, மஞ்சள்தூள் மஞ்சளுக்கு. புளியங்கொட்டையை ஆசிரியரே வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, நீர்விட்டுக் காய்ச்சிப் பசையாக்கித் தரவேண்டும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் இப்பசை விரைவில் கெட்டுவிடும் என்பதால் அன்றன்றைக்குச் செய்வதே நல்லது. நீற்றிய சுண்ணாம்பைச் சிறுவர் கையில் தரலாகாது. கண்ணில் பட்டால் ஆபத்து. ஜாமினி ராய் கையாண்ட சிவப்புகளுள் பாதரசம் கலந்ததும் உண்டு. வகுப்பறைக்குச் செம்மண் சிவப்பே போதும்.

மஞ்சள் கரைசலில் சிறிது சவர்க்கார நீரைச் சேர்த்தால் அது செந்நிறமாகும். அமிலம், காரம் பற்றிய அறிவியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தமான் பள்ளிகள் பின்பற்றும் சிபிஎஸ்இ வாரியம், பிற பாடங்களோடு கலையை இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று 2019-இலேயே அறிவுறுத்தியது. தனியே ஒரு திட்டப்பணி தேடாமல், இந்த ஒரு கிண்ணத்தை வைத்தே அதை நிறைவேற்றலாம்.

எதன் மீது வரைவது?: தீவுகளில் கமுகுத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. உதிர்ந்த பாக்கு மட்டையை நீரில் ஊறவைத்து, கனமான பொருளின் கீழ் அழுத்திக் காயவைத்தால் தட்டையான பலகை போலாகிவிடும். இது புதிய உத்தியும் அன்று. நிக்கோபார் மக்கள் கமுகு மட்டையிலும் மரப்பலகையிலும் சூரியன், சந்திரன், கப்பல், மீன் ஆகிய உருவங்களைத் தீட்டி, தீய ஆவிகளை அண்டவிடாத காப்பாக வீட்டில் வைத்திருந்தனர். ஜாமினி ராய் தம் ஊர்க் கலைஞர்களிடம் சென்றதைப் போல, இப்பிள்ளைகள் சென்று பார்க்க ஒரு மரபு அருகிலேயே இருக்கிறது. நிக்கோபார் மக்களின் வாழ்வைக் காட்டும் பொருட்களை ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆனால் ஓங்கே, ஜாரவா மக்கள் உடலில் களிமண் பூசிக்கொள்ளும் வழக்கத்தை வகுப்பில் மாறுவேடமாக்குவது தவறு. அது அவர்களுடைய வாழ்வு. நமது கைவேலைக்கான பொருளன்று.

கடற்கரையில் பொருள் சேகரிக்க அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் கவனமாக இருக்கவேண்டும். பவளம் உயிரற்றுக் கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அதை எடுக்கக்கூடாது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற சிப்பிகளும் சங்குகளும் உண்டு. சருகு, மட்டை, கரி, மண் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே நலம்.

கையெழுத்து யாருடையது?: ஜாமினி ராய் ஒரே படத்தைப் பலமுறை வரைந்து, நடுத்தர வீட்டாரும் வாங்கும் விலைக்குக் கொடுத்தார். கிராமத்துப் பட்டறையைப் போல இயங்கிய அவரது வீட்டில் மகனும் உடனிருந்து உழைத்தார். வகுப்பிலும் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மட்டை தரலாம். ஒருவர் கோடு, ஒருவர் நிரப்பு வண்ணம், ஒருவர் கரை அலங்காரம், ஒருவர் கண். முடிந்ததும் யார் கையெழுத்திடுவது என்று கேட்டால் விவாதம் எழும். அதற்கு ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. ‘ஜாமினி ராயைப் போலவே இருக்கிறது’ என்பதற்காக மதிப்பெண் கொடுப்பதை மட்டும் தவிர்க்கவேண்டும்.

ஓவியரின் பிறந்தநாளான ஏப்ரல் 11, சிபிஎஸ்இ பள்ளிகளில் புதிய கல்வியாண்டு தொடங்கும் நாட்களில் வருகிறது. தீவுகளில் மழைக்காலம் மே மாதத்தில் தொடங்கிவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்யும் இடத்தில் அதன் பிறகு பாக்கு மட்டை உலர்வது கடினம். ஏப்ரல் வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். மஞ்சள் நிறம் மட்டும் வெயிலில் வெளிறும் என்பதால், தீட்டி முடித்த படங்களை நிழலில் உலர்த்தவேண்டும்.