கட்டாயச் சேமிப்பும் கட்டாய அமைதியும்

1970-களின் பிற்பகுதியில் இந்தியக் குடும்பங்களின் சேமிப்பு உயர்ந்ததும், அக்காலத்தின் ஒரு பகுதியில் நாடு அவசரநிலையின் கீழ் இருந்ததும், போராட்டங்கள் ஒடுக்கப்பட்டதால்தான் சிக்கனம் வேரூன்றியது என்ற வாதத்துக்கு இடமளிக்கின்றன. ஆனால் நிகழ்வுகளின் வரிசை அவ்வாதத்துக்குத் துணைநிற்கவில்லை. தேசியக் கணக்கில் குடும்பச் சேமிப்பு என்பது வங்கி வைப்பு, காப்பீடு, வருங்கால வைப்புநிதி போன்ற நிதிச் சேமிப்பும், வீடு, தொழிற்கருவி போன்ற பொருட்சேமிப்பும் சேர்ந்ததாகும். குடும்பங்கள் பெரிதும் நம்பிய தங்கநகை அன்று நுகர்வாகவே கருதப்பட்டதால் இக்கணக்கில் சேரவில்லை.

1974-இல் மொத்தவிலைப் பணவீக்கம் 25 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. குஜராத்திலும் பீகாரிலும் மாணவர் கிளர்ச்சிகள் மூண்டிருக்க, மே 8-இல் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் பெருமளவிலான கைதுகளால் முறியடிக்கப்பட்டது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள், ஊதிய உயர்வு முழுவதையும் கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் முடக்கிவைத்து, பின்னர் வட்டியுடன் தவணைகளில் திருப்பித் தரும் கட்டாய வைப்புத் திட்டத்தை அரசு அவசரச் சட்டத்தின் மூலம் கொண்டுவந்தது. விரும்பிச் சேமிப்பதற்கும் கைக்கு வருமுன் பிடித்துவைக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு புள்ளிவிவரத்தில் தெரிவதில்லை. ஊதியதாரர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

சேமிப்பைப் போலவே அமைதியும் கட்டாயமாக்கப்பட்டது. பொது ஒழுங்கு என்பதன் எல்லையை உச்சநீதிமன்றம் 1965-லேயே ராம் மனோகர் லோகியா வழக்கில் வரையறுத்திருந்தது: சட்டம் ஒழுங்கு என்பது பெரிய வட்டம், அதனுள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே அரசின் பாதுகாப்பு என்றும், எல்லாச் சட்டமீறலும் பொது ஒழுங்கைக் குலைப்பதாகாது என்றும் நீதிபதி இதாயத்துல்லா விளக்கினார். 1975 ஜூன் 25-இல் அறிவிக்கப்பட்ட அவசரநிலை இவ்வட்டங்களை ஒன்றாகக் குழைத்துவிட்டது. மிசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையிலடைக்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, அதை எதிர்த்து வீதிக்கு வரும் வாய்ப்பு தொழிற்சங்கங்களுக்குப் பெரிதும் அடைபட்டிருந்தது.

1975-76-இல் விலைவாசி தணிந்ததில் அரசின் கெடுபிடிக்கும் பங்கு இருக்கலாம் எனினும், அவ்வாண்டின் நல்ல பருவமழையும் ஏறத்தாழ 12 கோடி டன் தானிய விளைச்சலும் அதைவிடப் பெரிய காரணங்களாகும். சேமிப்பின் உயர்வுக்கோ இன்னும் பழைய காரணம் உண்டு: 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமானபோது எட்டாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த நாட்டின் மொத்த வங்கிக் கிளைகள் 1980-க்குள் முப்பதாயிரத்தைக் கடந்து சிற்றூர்களை எட்டின. 1973-இல் எண்ணெய் விலை ஏறிய பின் வளைகுடாவிலிருந்து வந்த பணமும், கேரளத்தில் குறிப்பாக, இதனுடன் சேர்ந்தது. 1977 மார்ச்சில் அவசரநிலை நீங்கி, தொழிற்சங்கங்கள் மீண்டும் வீதிக்கு வந்த பின்னரும் உயர்வு நிற்கவில்லை. 1978-79-இல் நாட்டின் மொத்தச் சேமிப்பு உள்நாட்டு உற்பத்தியில் 20 விழுக்காட்டைத் தாண்டியது.