ஜினீவா தீர்மானமும் கடையத்துச் சுளகும்

உலகப் பிரச்னைகளைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டுமென்றால் ஆசிரியர்கள் பூகோளப் படத்தைத் தேடுவது வழக்கம். தென்காசி, குற்றாலம் வட்டாரத்து ஆசிரியர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை. அவர்களுடைய மாணவர்கள் வீட்டுத் திண்ணைக்கே உலகம் வந்து சேர்ந்திருக்கிறது.

திண்ணைத் தொழில்

கடையம், ஆலங்குளம் பக்கம் போய்ப் பாருங்கள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவார்கள். ஊறவைத்த இலையை அளவாகக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடித்து நூலால் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரம் சுற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கழுத்தும் இடுப்பும் கடுக்கும். ஆனாலும் வீட்டிலிருந்தபடியே செய்யலாம், குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காசில் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம்.

எங்கோ எடுத்த முடிவு

2003-ஆம் ஆண்டு மே மாதம் ஜினீவாவில் உலக சுகாதார மகாசபை கூடி, புகையிலையைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2004-இல் இந்தியாவும் அதை உறுதி செய்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகை பிடிப்பதற்குத் தடை வந்தது. 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பாக்கெட்டுகளில் 85 சதவிகித இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது.

இது நியாயந்தான். புகையிலை ஆளைக் கொல்லும். நாள் முழுவதும் அந்தத் தூளோடு பழகும் பெண்ணுக்கும் அது நல்லதல்ல. ஆனால் பீடி குறைந்தால் கூலியும் குறையுமே! புகையிலைத் தொழிலாளர்களுக்கு வேறு பிழைப்பு கிடைக்க நாடுகள் உதவ வேண்டும் என்று அதே உடன்படிக்கையின் 17-ஆவது விதி சொல்கிறது. எச்சரிக்கைப் படம் கடைக்கு வந்துவிட்டது. மாற்றுத் தொழில் திண்ணைக்கு வந்ததா? வகுப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

மத்தளம்பாறையில் கம்ப்யூட்டர்

குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. வயல்வெளிக்கு நடுவே உட்கார்ந்து உலகெங்கும் விற்பனையாகும் மென்பொருள் தயாரிக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளியை இந்தக் கம்பெனி 2004-இல் தொடங்கியது. கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2019-இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து குடியேறினார். பிழைப்பைத் தேடிப் பிள்ளைகள் பட்டணம் போன காலம் போய், பிழைப்பே ஊரைத் தேடி வரக்கூடும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஆனால், எல்லோருக்கும் அங்கே நாற்காலி கிடைத்துவிடாது. நாற்பது வயதில் சுளகை இறக்கி வைக்கும் தாய் எந்தப் பயிற்சிப் பள்ளியில் சேருவாள்? அந்த நாற்காலிதான் நிலையானதா? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கம்ப்யூட்டருக்கான புரோகிராமையும் யந்திரமே எழுதிக் கொடுக்கிறது. தாயின் தொழிலைத் தொட்ட மாறுதல் மகளின் தொழிலையும் தொடுகிறது.

மூன்று கேள்விகள்

'விஞ்ஞானம் வரமா, சாபமா?' என்று பட்டிமன்றம் வைத்துக் கைதட்டிக் கலைவதால் பயனில்லை. மாறுதலை முடிவு செய்தவர் யார்? லாபம் யாருக்கு? நஷ்டத்தைச் சுமப்பவர் யார்? இந்த மூன்றையும் மாணவர்கள் தங்கள் வீட்டில் கேட்டுக் குறித்து வரட்டும். பாட்டி ஒன்று சொல்வாள், அம்மா ஒன்று சொல்வாள். அவற்றை வகுப்பில் படிக்கச் செய்தால், எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

நாளைக்குச் சட்டம் செய்யப் போகிறவர்களும் யந்திரம் செய்யப் போகிறவர்களும் அந்தப் பெஞ்சுகளில்தான் இருக்கிறார்கள். சுளகை இறக்கி வை என்று சொல்லுமுன், அந்தக் கைக்கு வேறு என்ன கொடுப்பது என்று யோசிக்க அவர்கள் இப்போதே பழக வேண்டும்.